மனைவியின் சகோதரன்

அத்தியாயம் 9

போன வாரம் நம் புரூஃப் அக்காவை வெளிநாட்டு அச்சகக் கம்பெனி ஒன்றின் வாசலில், கையில் ஒரு விலாசச் சீட்டுடன் நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாரே என்று யாரும் பதற வேண்டாம். அவருக்கு ஓர் இரவுதான் கழிந்திருக்கிறது. விடுதி அறையில் எட்டு மணி நேரம் தூங்கினார். விடிந்ததும் குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தவர், மொழி தெரியாவிட்டாலும் மூன்றாவது வரியில் ஓர் எழுத்து தலைகீழாக நிற்கிறது என்று கண்டுபிடித்தார். துப்புரவுக்கு வந்த பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் பதினொரு வருடமாக அந்தச் சுவரைத் துடைப்பவள். முதன்முறையாகப் படித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

நாற்பது வருடம் மெய்ப்புத் திருத்திய கண். ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் நேராகவும் படிப்பார், தலைகீழாகவும் படிப்பார், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருந்தாலும் படிப்பார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே ஒன்பது பிழை கண்டுபிடித்து, எட்டைத் திருத்தி மறுபடியும் அச்சடிக்கவைத்தார். ஒன்பதாவது பிழை மாப்பிள்ளையின் பெயரில் இருந்தது. அது அவர்கள் வீட்டுப் பிழை, நாம் கைவைக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்.

அந்த மாப்பிள்ளைதான் மிஷின்காரர். அச்சு இயந்திரம் பழுதுபார்ப்பவர். மிஷின் ஓடுகிற சத்தத்தைப் போனில் கேட்டே எந்தச் சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு தடவை தவறியது. கழற்றிப் பார்த்தால் எல்லாப் பல்லும் நன்றாக இருந்தன. பிறகுதான் தெரிந்தது, போனில் அவருக்குக் கேட்டது பக்கத்து அச்சகத்து மிஷின். அங்கே போய்க் கழற்றினால், அவர் சொன்ன அதே பல்.

இருபது வருடமாக, வருடத்துக்கு இரண்டு மாதம், இந்த நாட்டுக் கம்பெனிக்கு மிஷின் பார்க்க வந்துபோனவர். ஐந்து மாதத்துக்கு முன்பு, தன் ஊரில், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இறந்துபோனார். கம்பெனி அவருடைய அலமாரியில் இருந்ததைப் பெட்டியில் போட்டு அனுப்பியது. ஒரு நீலச் சட்டை, ஒரு குவளை, ஒரு படிவத்தின் நகல். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் இந்த ஊர்ப் போன் எண் ஒன்று இருந்தது. என்ன உறவு என்ற இடத்தில், இந்த ஊர் மொழியில், 'மனைவியின் சகோதரன்' என்று இருந்தது.

புரூஃப் அக்காவுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. ஒற்றைப் பிள்ளை.

ஒரு வரியில் எல்லாச் சொல்லும் சரியாக இருந்து, பொருள் மட்டும் இடித்தால், எங்கோ ஒரு சொல் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். இது தொழிலில் பால பாடம். விடுபட்ட சொல் 'இரண்டாவது' என்று அக்கா முடிவுகட்டினார். அது 'மனைவி'க்கு முன்னால் வர வேண்டும். பாஸ்போர்ட் எடுத்தார், விமானம் ஏறினார். அந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே என்று சொன்னவர்களிடம், போனில் பதில்தான் வரும், முகம் வராது என்றார்.

இதெல்லாம் பழைய கதை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

காலை ஏழு மணிக்கே மகன் போன் செய்தான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். அம்மா கிளம்பிய நாளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை கூப்பிட்டு, திரும்பி வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். படிவம் எழுதுகிறவன் தூக்கக் கலக்கத்தில் எதையோ எழுதியிருப்பான், அதை நம்பி ஒருத்தி கடல் தாண்டுவாளா என்பது அவன் கட்சி. அக்கா அவனிடம் விலாசம் கிடைத்த விஷயத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கு மியூசியம் பார்க்கப் போகிறேன், சாயங்காலம் வரை போன் எடுக்க மாட்டேன் என்றார். மகனுக்கு அவ்வளவு சந்தோஷம். மியூசியத்துக்கு ஒரு நாள் போதாது, நாளைக்கும் போ என்றான்.

பத்து மணிக்குத் துபாஷி வந்தாள். கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை, ஐம்பது வயது, இரண்டு முழங்காலும் மக்கர். அந்தப் படிவத்தைத் தன் கையால் நிரப்பியவள் அவள்தான். மிஷின்காரர் அவளிடம் 'மச்சான்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இந்த ஊர் மொழியில் மனைவியின் சகோதரனுக்கு ஒரு சொல், சகோதரியின் கணவனுக்கு வேறு சொல். சிநேகிதனைக் கூப்பிட மூன்றாவதாக ஒன்று. மச்சான் என்று பொத்தாம்பொதுவாக ஒன்றும் கிடையாது. சம்சாரத்தோட கூடப்பிறந்தவரா என்று கேட்டாளாம். அவர் சிரித்துவிட்டு, எழுதுங்க, எழுதுங்க என்றாராம். எழுதிவிட்டாள். நேற்று அதைச் சொல்லிவிட்டதிலிருந்து அவளுக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் சந்தேகத்தைக் கழுவி விடப் பார்த்தாள்.

"ஆம்பளைங்க சிநேகிதனை மச்சான்னுதான் கூப்பிடுவாங்க, அக்கா. எங்க வீட்டுக்காரர் டீக்கடைக்காரரையே மச்சான்னுவார். அதுக்காக நான் டீக்கடைக்காரருக்குத் தங்கச்சியாயிடுவேனா?"

"எங்க வீட்டுக்காரர் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார். ஒண்ணாங்கிளாஸ்ல பக்கத்துல உக்காந்தவரையே சார்னுதான் சொல்லுவார்."

"மனுஷன் வெளியூருக்கு வந்தா கொஞ்சம் தளர்ந்து பேசமாட்டாரா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் அக்கா.

துபாஷி அதற்குப் பிறகு இறங்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டார். உங்கள் சகோதரியை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அழுகை கிடையாது, சத்தம் கிடையாது. முப்பத்தாறு வருடம் தான் ஒருத்திதானா, இரண்டு பேரில் ஒருத்தியா என்று தெரிந்தால் போதும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை அவர் யோசிக்கவில்லை. மெய்ப்பில் பிழையைக் காட்டுவதுதான் அவர் வேலை. பக்கத்தை மறுபடி கோப்பது இன்னொருவர் வேலை.

விலாசம் ஒரு பூட்டுக்கடை. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பல் வைத்தியசாலை, இரண்டும் மூடியிருந்தன. பூட்டுக்கடை மட்டும் திறந்திருந்தது. மனிதர்கள் சாவியைத் தொலைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. கல்லாவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பூட்டு ஒன்றின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். நிமிர்ந்து பார்த்தார். பூதக்கண்ணாடி நழுவி, பூட்டுக்குள் விழுந்தது.

"வா தங்கச்சி," என்றார் நல்ல தமிழில். "வந்துடுவியோன்னு பயந்துகிட்டேதான் இருந்தேன்."

மிஷின்காரர் போட்டோ காட்டியிருப்பார் போலிருக்கிறது. அக்கா அதற்கெல்லாம் அசையவில்லை. மனதில் வைத்திருந்த வாக்கியத்தை, ஒரு புள்ளிகூடக் குறையாமல் சொன்னார்.

"உங்க சகோதரியை நான் பாக்கணும்."

சாவிக்காரர் விழித்தார். "எனக்கு ஏது சகோதரி? நாங்க நாலும் தடிப்பசங்க."

"அப்புறம் எப்படி எங்க வீட்டுக்காரருக்கு நீங்க மச்சான்?"

"அவரோட தங்கச்சியைக் கட்டியிருக்கேன். வேற எப்படி?"

துபாஷி முழங்காலைப் பிடித்தபடி, சாவி வாங்க வருகிறவர்களுக்குப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னார். வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. தான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்தப் பெண் செத்துப்போய்விட்டது. கூடத்தில் படம் மாட்டியிருக்கிறது. முப்பத்தாறு வருடமாக அந்தப் படத்தைத் தன் கையால் துடைத்திருக்கிறார். துடைத்தது மட்டுமா? வீட்டில் ஏதாவது தொலைந்தால் நாத்தனார் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார், பொருள் கிடைத்துவிடும். மூக்குக்கண்ணாடி மட்டும் பதினான்கு தடவை கிடைத்திருக்கிறது.

"செத்துட்டான்னு யார் சொன்னா?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"மாமியார்."

"என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு."

ஒரு வரியை அப்படியே சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமான மூன்றாம் நாள், படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டபோது மாமியார் சொன்னதை நினைவிலிருந்து எடுத்தார். என் பொண்ணு. போயிட்டா. அதுக்கு மேல இந்த வீட்ல அவளைப் பத்தி யாரும் கேக்கக் கூடாது.

"'போயிட்டா'ன்னு சொன்னாங்க," என்றார் அக்கா.

"போனா, தங்கச்சி. என்கூடத்தான் போனா."

மாமியார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மருமகள்தான் அந்தச் சொல்லை வேறு அர்த்தத்தில் படித்துக்கொண்டு, துடைத்து, கும்பிட்டு, மூக்குக்கண்ணாடி கேட்டு, முப்பத்தாறு வருடத்தை ஓட்டியிருக்கிறார். ஆயிரக்கணக்கான பக்கம் பார்த்தவரின் வாழ்க்கையிலேயே பெரிய பிழை, நான்கு எழுத்துச் சொல்லில், ஓர் எழுத்துகூடத் தப்பில்லாமல் நின்றிருக்கிறது.

அக்கா ஒருத்திதான். இரண்டாவது என்று ஒருத்தி இல்லை. துபாஷியிடம் நகரச் சொல்லி, முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

துபாஷிக்கு வேறு கவலை. அப்படியானால் படிவத்தில் 'சகோதரியின் கணவன்' என்றல்லவா போட்டிருக்க வேண்டும், நாளைக்கே திருத்திவிடுகிறேன் என்றாள்.

"திருத்த வேண்டாம்," என்றார் சாவிக்காரர். "நாத்தனார் புருஷன் என்ன முறை? அண்ணன் முறைதானே? அப்போ நான் மச்சானுக்கு மனைவியோட சகோதரன்தானே?"

அக்கா யோசித்தார். முறைப்படி அது சரியாகத்தான் இருந்தது. மெய்ப்பில் தப்பு என்று அடித்துவிட்ட சொல்லை, அது சரிதான் என்று பிறகு தெரிந்தால், அடியில் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். விலாசச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் தானே எழுதி வைத்திருந்த 'மனைவியின் சகோதரன்' என்ற வரிக்கு அடியில் புள்ளிகள் வைத்தார். அறுபத்தொரு வயதில், ஒற்றைப் பிள்ளைக்கு அண்ணன் கிடைத்துவிட்டார். ஒல்லியாக இருந்தார், ஆனால் இருந்தார்.

"அவளைப் பாக்கணும், அண்ணே," என்றார்.

சாவிக்காரர் கடைக்குள்ளிருந்த மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. மச்சான் இல்லைங்கறது அவளுக்குத் தெரியாது."

"அஞ்சு மாசமாவா?"

"சொல்லத்தான் இருந்தேன். உன் வீட்லேர்ந்து தகவல் வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னிக்குப் போனை எடுத்தது அவ. அதுக்கப்புறம் நான் எப்படி—"

யாரோடு அங்கே அரட்டை என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சாவிக்காரர் வாயைப் பூட்டிக்கொண்டார். தொழில் சுத்தம்.

துபாஷி படி ஏற முடியாது, நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மற்ற இரண்டு பேரும் ஏறினார்கள்.

மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் இரண்டு நாற்காலி, ஒரு மேசை. மேசைமேல் சாவிகளும் சிறு அட்டைச் சீட்டுகளும். ஒவ்வொரு சீட்டிலும் பொடி எழுத்தில் எண் எழுதிச் சாவியில் கட்டிக்கொண்டிருந்த பெண்மணி, கண்ணை இடுக்கிப் பார்த்தாள். படத்தில் இருந்தவளுக்கு இருபத்தைந்து வயது. படத்துக்கு வயதாகும் என்று அக்கா எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் காது அதே காது. அந்தக் காதுமடலில் தூசி தங்கும் என்று தனியாகத் துணியை முறுக்கித் துடைத்திருக்கிறார்.

"அண்ணியா?" என்றாள் நாத்தனார்.

எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், புருஷனை டீ போடச் சொன்னாள், பிறகு அவர் போட்டால் நன்றாக இருக்காது என்று தானே போட்டாள். அதற்குள் முப்பத்தெட்டு வருடத்தையும் சொல்லி முடித்துவிட்டாள். அண்ணன் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தது இருபது வருடம் முன்பு, முதல் தடவை வேலைக்கு வந்தபோது. அம்மா இருக்கும் வரை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது இவள்தான். அம்மா போன பிறகு அண்ணனுக்கே கூச்சம் வந்துவிட்டது. இத்தனை வருடம் மறைத்ததை எந்த முகத்தோடு சொல்வது என்று ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார். அவருக்கு மிஷினோடு பேசத் தெரியும், மனைவியோடு பேச வராது என்று நாத்தனார் சொன்னதில் அக்காவுக்கு மறுப்பு இல்லை.

"அண்ணனை எங்க காணோம்? கீழ நிக்குதா?"

சாவிக்காரர் டீக் குவளைக்குள் எதையோ தேடினார்.

"போன ஞாயித்துக்கிழமைகூட அரை மணி நேரம் பேசுச்சு. நீங்க வர்றதைப் பத்தி மூச்சு விடலையே, திருட்டு மனுஷன்."

போன ஞாயிறு என்றதும் அக்கா நாத்தனாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. கட்டி வைத்த சீட்டுகளில் ஓர் எண்கூடத் தப்பில்லை, அதையும் பார்த்துவிட்டார். பாவம், எந்த ஞாயிறையோ எந்த ஞாயிறாகவோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாவிக்காரரால் ஆகாது. தான்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு சொல் வேண்டும். 'போயிட்டார்' என்று சொல்லலாம். இந்த வீட்டில் அந்தச் சொல்லை நம்ப முடியாது, எந்த ஊருக்கு என்று கேட்பாள். 'காலமானார்' பத்திரிகைக்கு எழுதுகிற சொல். 'தவறிட்டார்' என்றால், அவர் என்ன தப்புச் செய்தார்? 'செத்துட்டார்' என்று சொல்ல இந்த ஐந்து மாதத்தில் அக்காவுக்கு ஒரு தடவைகூட வாய் வந்ததில்லை. தமிழில் இதற்கு இத்தனை சொல் இருந்தும், தங்கச்சியிடம் சொல்வதற்கென்று ஒன்றுகூட இல்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேசைமேல் போன் மணி அடித்தது. சாயங்காலம் நான்கு மணி.

திரையில் பெரிய எழுத்தில் 'அன்னன்' என்று வந்தது. அந்த நிலையிலும் அக்காவுக்கு முதலில் தோன்றியது, மூன்று சுழியல்லவா வர வேண்டும் என்பதுதான். பெயருக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தபோது அவருக்குச் சுழியெல்லாம் மறந்துபோயிற்று. அது மிஷின்காரரின் எண். அந்தப் போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று யோசிப்பதற்குள் நாத்தனார் எடுத்துவிட்டாள்.

"அண்ணா, உன் திருட்டெல்லாம் வெளிய வந்துடுச்சு. இங்க யார் வந்திருக்காங்கன்னு நீயே கேளு."

போன் அக்காவின் காதுக்கு வந்துவிட்டது.

"யாரும்மா வந்திருக்கா?" என்றது மிஷின்காரரின் குரல். அதே கரகரப்பு. பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமுகிற அதே செருமல்.

முதல் இரண்டு நொடி அக்கா மனைவியாக இருந்தார். அந்த இரண்டு நொடியில் எதை வேண்டுமானாலும் நம்பியிருப்பார். மூன்றாவது நொடியில் தாயாகிவிட்டார். பத்து மாதம் சுமந்தவளை எவ்வளவு நேரம்தான் ஏமாற்ற முடியும்?

"நான்தான்டா," என்றார். "அம்மா."

மறுமுனையில் கரகரப்பு காணாமல் போயிற்று.

"மியூசியம் போகலையாம்மா?" என்றான் வேதியியல் வாத்தியார்.

அக்கா நாத்தனாரைப் பார்த்தார். எந்தப் பெண்ணும் புருஷனிடம் 'டா' போட்டு, தன்னை 'அம்மா' என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். நாத்தனாரின் கையில் பாதி முடிச்சுப் போட்ட சாவி ஒன்று இருந்தது. முடிச்சை இறுக்கி, சாவியை மற்ற சாவிகளோடு வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தேடிய சொல் தேவைப்படவே இல்லை.

"எப்போ, அண்ணி?"

"அஞ்சு மாசம் ஆச்சும்மா."

நாத்தனார் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அப்பாவின் போனிலிருந்து தகவல் சொல்லக் கூப்பிட்டபோது, எடுத்ததும் அண்ணா என்று அவள் கூப்பிட்ட சந்தோஷத்தில் அந்தப் பையனுக்குச் சொல்ல வாய் வரவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன் மாமா என்றான், அடுத்த வாரமும் அப்படியே ஆயிற்று என்று முணுமுணுத்தார். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்க, விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். ஏழாவது வாரத்தில் விரல் நின்றது.

"அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன்," என்றாள். "முப்பத்தெட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது. இவருக்கே தெரியாது. அண்ணிக்குச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். சரின்னு சத்தியமும் பண்ணுச்சு."

"அண்ணன் பண்ணலைம்மா," என்றார் அக்கா.

அது என்ன விஷயம் என்று அக்கா அவளைக் கேட்கவில்லை. சத்தியம் வாங்கியவளிடம் கேட்பது முறையில்லை, கொடுத்தவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் இன்னும் இணைப்பில்தான் இருந்தான். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, நாத்தனாரின் தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தார். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போனை மறு காதுக்கு மாற்றினார்.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை," என்றார். "நிதானமா யோசி. ஆனா உன் சொந்தக் குரல்ல சொல்லு."